அசுவினி பிறக்கும் வரை

கார்த்திகை 2, சனிக்கிழமை (நவம்பர் 17)

இதுவரை இக்குறிப்பேட்டில் எழுதியவை எனக்காக எழுதியவை. இன்று முதல் எழுதுபவை, தேவை நேர்ந்தால் பிறருக்கும் காட்டப்படும். ஆகவே நாளும் நட்சத்திரமும் பிசகாமல் எழுதுவேன்.

அண்ணன் தியாகேசன் படுக்கையில் விழுந்து இன்றோடு ஒன்பது நாளாகிறது. வயது எண்பத்தொன்று. இடப்பக்கம் அசைவில்லை. பேச்சு குழறுகிறது, அறிவு தெளிவாக இருக்கிறது. மாடியறையில், எங்கள் தந்தையார் கிடந்த அதே இரும்புக் கட்டிலில் கிடக்கிறார். கீழே கூடத்தில் படுக்க வைக்கலாம் என்று அண்ணி நீலாயதாட்சி எவ்வளவோ சொல்லியும், கடல் தெரிய வேண்டுமென்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். மூட்டுவலியால் அண்ணி மாடிப்படி ஏறிப் பல ஆண்டுகளாகின்றன. ஆகவே அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு முழுவதும் என்னுடையது.

அழைப்பதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். வலக்கை மோதிரத்தால் கட்டில் கம்பியில் ஒருமுறை தட்டினால் தண்ணீர் வேண்டும். இருமுறை தட்டினால் நான் வர வேண்டும். மாடியில் தளம் பர்மாத் தேக்குப் பலகை. அண்ணி கூடத்தில், அண்ணனின் கட்டிலுக்கு நேர் கீழே படுக்கிறார். தட்டும் ஓசை என்னைவிட அவருக்கே முதலில் கேட்கிறது. "தம்பி, தண்ணி கேக்கறார்" என்று நான் எழுவதற்குள் குரல் கொடுத்துவிடுகிறார்.

மாலையில் டாக்டர் ஞானப்பிரகாசம் வந்தார். எத்தனை நாள் என்று கேட்டேன்.

"ஒரு வாரம். பத்து நாள்கூட இழுக்கலாம்."

"எந்தக் கிழமை என்று சொல்ல இயலுமா?"

"சார், நான் டாக்டர். ஜோசியர் வீடு அடுத்த தெரு" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாடியறையின் ஓடு ஒழுகுகிறது. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் பழைய தாம்பாளம் ஒன்றை வைத்தேன்.

சர்க்கரைப் பொட்டலத்தை நான் கட்டி வைத்த விதத்துக்காக அண்ணி கோபித்துக்கொண்டார். துறைமுகக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றி இறக்குவதே முப்பதாண்டுக் காலம் என் பணி. கூண்டுக் கயிற்றுக்குப் போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகுமேயன்றி அவிழாது. ஓய்வு பெற்ற பிறகும் கை அதையே போடுகிறது. "இது சர்க்கரையா, கப்பலா? ஒவ்வொரு தரமும் கத்தரிக்கோலத் தேடிக்கிட்டு நிக்கணும்" என்றார்.

கார்த்திகை 3, ஞாயிற்றுக்கிழமை (நவம்பர் 18)

பஞ்சாங்கம் பார்த்தேன். திங்கள் பின்னிரவில் அவிட்டம் பிறக்கிறது. தொடர்ந்து சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. வரும் ஞாயிறு காலை ஆறு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு அசுவினி.

அவிட்டம் முதல் ரேவதி முடிய உள்ள ஐந்து நட்சத்திரங்களில் உயிர் பிரிந்தால் ஆறு மாதம் அடைப்பு. பல குடும்பங்கள் இப்போது இறந்தவர் கிடந்த அறையை மட்டும் பூட்டி, அதன் வாசலில் நாள்தோறும் ஒரு விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைப்பதோடு முடித்துக்கொள்கின்றன. எங்கள் குடும்பத்தில் அவ்வாறு இல்லை. வீடு முழுவதையும் காலி செய்து பூட்ட வேண்டும்.

தந்தையார் சதயத்தில் இறந்தார். அப்போது எனக்குப் பதினோரு வயது. மூன்றாம் நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினோம். ஒரு சத்திரத்தின் பின்கட்டில், மழை இறங்கும் சுவரை ஒட்டிப் பாய் விரித்துப் படுத்த அம்மா நான்காம் மாதம் இறந்துபோனார். ஆறு மாதம் கழித்து நானும் அண்ணனும் வந்து திறந்தபோது கீல்கள் கையோடு உதிர்ந்தன. கூடத்துச் சுவரில் உப்பு பூத்துப் படர்ந்திருந்தது. அண்ணன் என் தோளில் கைவைத்து, "இனிமே இந்த வீட்டவிட்டு உன்னை யாரும் போகச் சொல்லமாட்டாங்கடா காயா" என்றார். என் முழுப்பெயர் காயாரோகணம். காயா என்று அழைக்க இன்று அவர் ஒருவரே இருக்கிறார்.

அன்று முதல் ஓர் இரவும் நான் இவ்வீட்டுக்கு வெளியே தங்கியதில்லை.

மாலையில் அண்ணன் மகன் குமரகுரு ஓசூரிலிருந்து பேசினான்.

"சித்தப்பா, வெளிப்படையாவே சொல்லிடறேன். அந்த அஞ்சு நாள்ல அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா வீட்டப் பூட்டித்தான் ஆகணும். அம்மா பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். பூட்டினா நான் மறுபடி திறக்கப்போறதில்ல. கடல்காத்துல அது நிக்கவும் நிக்காது. அம்மா எங்கூட வந்துடுவாங்க. உங்களுக்குக் கோயம்புத்தூர் பக்கம் நல்ல இல்லம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். மலை தெரியும்."

"அந்த ஐந்து நாள்களில் இல்லையென்றால்?"

"இல்லேன்னா உங்க காலம்வரைக்கும் நீங்க இருங்க. நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்."

நியாயமாகவே பேசினான். மலை எனக்கு எதற்கு?

கார்த்திகை 4, திங்கட்கிழமை (நவம்பர் 19)

மாடிக் கதவின் கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் விட்டேன். தாழ்ப்பாள் இறுகியிருந்ததைச் சரிசெய்தேன்.

அண்ணனுக்கு முகம் மழித்துவிட்டபோது பஞ்சாங்க விவரத்தைச் சொன்னேன். மறைக்க வேண்டியதில்லை. கணக்கு அவருக்கும் தெரியும். வாய் ஒருபக்கம் கோணியபடி சிரித்தார். ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்துச் சொன்னார்.

"அஞ்சு நாள்தானேடா. பிடிச்சு வை. நானும் பிடிச்சுக்கறேன்."

பிறகு, "அப்பா மாதிரி அவசரப்படமாட்டேன்" என்றார்.

இருவரும் சிரித்தோம். கீழேயிருந்து அண்ணி, "என்ன, அண்ணனும் தம்பியும் சீட்டாடறீங்களா?" என்றார்.

கார்த்திகை 5, செவ்வாய்க்கிழமை (நவம்பர் 20). அவிட்டம்

அண்ணன் உயிருடன் இருக்கிறார். காலை மூன்று கரண்டி பால், பகலில் இரண்டு, மாலையில் நான்கு.

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். மாடிச் சன்னலிலிருந்து தெரிகிறது. கயிற்றைச் சரியாக இழுத்துக் கட்டவில்லை. கூண்டு ஆடுகிறது.

டாக்டர் நனைந்துகொண்டே வந்து போனார். சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால் இனி வரமுடியாது என்றார். சமையலுக்கு வரும் தையல்நாயகி, தன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டதால் நம் பின்கட்டிலேயே தங்கிக்கொள்வதாகச் சொன்னாள். சம்மதித்தேன்.

கார்த்திகை 6, புதன்கிழமை (நவம்பர் 21). சதயம்

அண்ணன் உறங்குகிறார்.

காலையில் பால் உள்ளே இறங்கவில்லை. கடைவாயில் வழிந்தது. பகல் மூன்று மணிக்குமேல் ஆழ்ந்த உறக்கம். தட்டிப் பார்த்தேன், அழைத்துப் பார்த்தேன். நெடுநேரம் அழைத்தேன். சவரக் கண்ணாடியை மூக்கருகே பிடித்துப் பார்த்துவிட்டு உறையிலிட்டேன். கடற்காற்றில் ரசம் போன கண்ணாடி அது. துடைக்க வேண்டியிருக்கவில்லை.

பின்வருவனவற்றைச் செய்தேன். குளிர் அதிகமாதலால் அண்ணி பின்னிய கம்பளி மப்ளரை அவர் தாடையோடு சேர்த்து உச்சியில் கட்டினேன். கால்கள் விலகிச் சரியாதிருக்க இரு கட்டைவிரல்களையும் துணிநாடாவால் பிணைத்தேன். மின்சாரம் நின்றுவிடக்கூடும் என்பதால் தலைமாட்டில் ஒரு சிறு விளக்கை ஏற்றி வைத்தேன். மோதிரத்தைக் கழற்றினேன். விரல் வீங்கிவிட்டால் பிறகு கழற்றுவது கடினம். அது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

போர்வையை இழுத்து மூடினேன்.

கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். உறங்குபவரைத் தொந்தரவு செய்யலாகாது. மாடிப்படியின் மேல்தட்டில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறேன்.

அண்ணி கீழேயிருந்து கேட்டார்: "எப்படி இருக்கார் தம்பி?"

"உறங்குகிறார் அண்ணி."

"பால் குடிச்சாரா?"

"குடித்தார்."

"சத்தத்தையே காணோமே, அதான் கேட்டேன்."

அண்ணன் உயிருடன் இருக்கிறார் என்று இதனால் பதிவு செய்கிறேன்.

கார்த்திகை 7, வியாழக்கிழமை (நவம்பர் 22). பூரட்டாதி

அண்ணன் உயிருடன் இருக்கிறார். பால் மூன்று கரண்டி.

இடைவிடாத மழை. மின்சாரம் இல்லை. ரயில் திருவாரூரோடு நிற்பதாகக் குமரகுரு பேசும்போதே தொலைபேசியும் அறுந்தது. வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். நல்லதுதான். ஒருவரும் வரமாட்டார்கள்.

மேல்தட்டில் ஊதுவத்தி கொளுத்தினேன். கதவிடுக்கில் துணி திணித்து அதில் யூகலிப்டஸ் தைலம் தெளித்தேன். ஈரக்கவிச்சிக்கு அது நல்லது. ஆயினும் எந்த வாடையும் இதுவரை இல்லை. குளிர்ந்த பருவம் ஆகையால் இருக்கலாம்.

தையல்நாயகி துடைப்பமும் வாளியுமாகப் படியேறி வந்தாள்.

"தள்ளுங்க சின்னய்யா, பெரியய்யா ரூம கூட்டித் துடைச்சிட்டுப் போயிடறேன். ரெண்டு நாளாச்சு."

"வேண்டாம். தொற்று வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்."

"எனக்கா வரும்? இடுப்பளவு சாக்கடைல நின்னுட்டு வந்திருக்கேன். என்கிட்ட வந்தா அந்தத் தொத்துக்குத்தான் நோவு வரும்." போகும்போது திரும்பி, "மாடிப் பூனை என்னாங்க இப்புடி உருண்டு கெடக்கு? மழைல எலிகூட வெளிய வரமாட்டேங்குது. இதுக்கு மட்டும் எங்கேருந்து தீனி?" என்றாள்.

பூனைகளைப் பற்றி எனக்குத் தெரியாது.

பகல் பன்னிரண்டு மணியளவில் அறைக்குள் ஓர் ஓசை. ஒருமுறை. சிறிது இடைவெளி, பிறகு மீண்டும் ஒருமுறை. மெல்லிய ஓசை, இரும்பில் எதுவோ சுரண்டுவது போல. சன்னல் கொக்கி காற்றில் ஆடுகிறது என்பது தெளிவு. அண்ணனின் தட்டாக இருக்க வாய்ப்பே இல்லை. மோதிரம் என் இழுப்பறையில் இருக்கிறது. போய்த் திறந்து பார்த்தேன். இருக்கிறது.

"தம்பி! தண்ணி கேக்கறாரா?" என்று அண்ணி கூப்பிட்டார்.

"சன்னல் கொக்கி அண்ணி. கட்டிவிடுகிறேன்."

கதவைத் திறந்து உள்ளே போனேன். நேரே சன்னலுக்குப் போய்க் கொக்கியைக் கயிற்றால் கட்டினேன். விளக்கு அணைந்திருந்தது. கட்டிலின் பக்கம் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. போர்வை சற்று நழுவியிருந்ததைக் கடைக்கண்ணால் கண்டேன். காற்று. உடனே வெளியே வந்து பூட்டினேன்.

நான் பயந்தவன் அல்லேன். தாழ்ப்பாள் போடும்போது கை ஈரமாக இருந்ததால் இருமுறை வழுக்கியது.

கொக்கியைக் கட்டிய பின்னும் ஓசை கேட்டது.

கார்த்திகை 8, வெள்ளிக்கிழமை (நவம்பர் 23). உத்திரட்டாதி

அண்ணன் உயிருடன் இருக்கிறார். பால் நான்கு கரண்டி.

காலையில் காற்று வலுத்தது. ஐந்தாம் எண் கூண்டு. கடல், சுவருக்கு அப்பால் நிற்பதுபோல் இரைகிறது. ஓட்டுச் சரிவில் நான்கைந்து ஓடுகள் பறந்தன. மாடியறை ஒழுகல் அதிகமாகியிருக்க வேண்டும். தாம்பாளத்தில் நீர் விழும் ஓசை ஒரு சீராகக் கேட்கிறது.

பத்து மணிக்குமேல் அறைக்குள் பெரிய ஓசை. கனமான ஏதோ ஒன்று பலகைத் தளத்தில் விழுந்தது. கூடத்துச் சர விளக்கு ஆடியதாகப் பின்னர் தையல்நாயகி சொன்னாள்.

"என்ன விழுந்தது தம்பி?"

"நாற்காலி."

"அந்த ரூம்ல நாற்காலி ஏது? நீங்கதான வெளிய போட்டு உக்காந்திருக்கீங்க?"

நான் யோசிப்பதற்குள் படியில் காலடி கேட்டது. அண்ணி ஏறிக்கொண்டிருந்தார். கைப்பிடியை இரு கைகளாலும் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரு கால்களையும் சேர்த்து வைத்து, மூச்சிரைக்க ஏறினார். பாதிப்படி வந்துவிட்டார். தலையில் புதுப் பூ. நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது.

"ஏறாதீர்கள்!" என்று கத்திவிட்டேன். நாற்பத்தெட்டு ஆண்டுகளில் அவரிடம் நான் குரலை உயர்த்தியது இதுவே முதல்முறை.

அவர் அங்கேயே நின்றார்.

"உள்ள வரணும்னு சொல்லல தம்பி. அவர் மூச்சு விடற சத்தம் கேக்கணும் எனக்கு. கதவுக்கு வெளிய நின்னு கேட்டுட்டுப் போயிடறேன்."

"இருமினால் உங்களுக்கும் தொற்றும். அங்கேயே இருங்கள். நான் அவரைத் தட்டச் சொல்கிறேன்."

இழுப்பறையிலிருந்து மோதிரத்தை எடுத்து வந்தேன். மேல்தட்டில், படியிலிருந்து தெரியாதபடி கதவை ஒட்டி நின்று, தாழ்ப்பாளின் இரும்பில் இருமுறை தட்டினேன். மோதிரத்தின் ஓசை, தெளிவாக.

அண்ணி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

அப்போது கதவின் மறுபுறம், தரையோடு தரையாக, மெல்ல ஒருமுறை கேட்டது.

காற்று.

"சரி தம்பி" என்றார் அண்ணி. வெகுநேரம் கழித்துத்தான் இறங்கினார். இறங்குவது அவருக்கு ஏறுவதைவிடக் கடினம்.

மேலும் ஒரு கட்டு ஊதுவத்தி கொளுத்தினேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டேன். கடலிரைச்சல் தலைவலியைத் தருகிறது.

கார்த்திகை 9, சனிக்கிழமை (நவம்பர் 24). ரேவதி

அண்ணன் உயிருடன் இருக்கிறார்.

விடியும்போது மழை நின்றது! கூண்டை இறக்கிவிட்டார்கள். நண்பகலில் நல்ல வெயில். தாம்பாளத்தில் விழும் நீரோசையும் நின்றது. வீடு எத்தனை நாளுக்குப் பிறகு இப்படி அமைதியாக இருக்கிறது! தையல்நாயகி ஈரத்துணியெல்லாம் முற்றத்தில் காயப்போட்டாள். நான் என் இரண்டு சட்டைகளையும் பஞ்சாங்கத்தையும் வெயிலில் வைத்தேன்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஓடு பதினேழு மாற்ற வேண்டும். பின்சுவரில் ஒரு விரிசல். சமாளிக்கலாம். இந்த வீடு நின்றுவிட்டது.

உள்ளே எந்த ஓசையும் இல்லை. கொக்கி ஒழுங்காகிவிட்டது.

மாலையில் அண்ணி கேட்டார்: "பால் அனுப்பட்டுமா தம்பி?"

"அனுப்புங்கள்."

"குடிப்பாரா?"

"குடிப்பார்."

தம்ளரைத் தையல்நாயகியிடமிருந்து வாங்கிக்கொண்டேன். மொட்டைமாடியில் பூனை காத்திருந்தது.

நாளைக் காலை ஆறு இருபத்திரண்டு.

கார்த்திகை 10, ஞாயிற்றுக்கிழமை (நவம்பர் 25). அசுவினி

நிகழ்ந்தவற்றை நிகழ்ந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலை ஆறு இருபத்திரண்டுக்குக் கதவைத் திறந்தேன். முதலில் மப்ளரையும் நாடாவையும் அவிழ்ப்பது, மோதிரத்தை விரலில் இடுவது, அதன்பின் அண்ணியை அழைப்பது என்பது என் திட்டம். மோதிரம் கையில் இருந்தது.

கட்டிலில் யாரும் இல்லை.

அண்ணன் தரையில் கிடந்தார். கட்டிலிலிருந்து கதவை நோக்கி வந்திருந்தார். பிணைத்த கால்கள் பின்னால் நீண்டு கிடந்தன. கன்னம் தாம்பாளத்தின் விளிம்பில் பதிந்திருந்தது. தாம்பாளம் உலர்ந்து கிடந்தது. அதில் ஒரு சொட்டு இல்லை. அடியில் படிந்த வண்டல்மீது நாக்கு போன தடம் இருந்தது.

அவர் கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்தது. என் முகத்திலிருந்து சுவர்க்கடிகாரத்துக்குப் போய், மீண்டும் என்னிடம் வந்தது.

வலக்கை நகத்தால் தாம்பாளத்தில் ஒருமுறை தட்டினார்.

நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். மாடியில் தண்ணீர் இல்லை. நான்கு நாளாக மாடிக்குத் தண்ணீர் கொண்டுவந்தவர் யாருமில்லை. கீழே ஓடிச் செம்பை நிரப்பிக்கொண்டு திரும்பினேன். படியில் பாதி சிந்திவிட்டது. நான் வந்தபோது அவர் கை தாம்பாளத்திலேயே இருந்தது. கண்ணும் அப்படியே இருந்தது. உதட்டில் ஊற்றிய தண்ணீர் வெளியே வழிந்தது.

அண்ணி எப்போது ஏறி வந்தார் என்று தெரியவில்லை. என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

வெகுநேரம் அவர் அழவில்லை. மெல்ல உட்கார்ந்தார். மப்ளரின் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். கத்தரிக்கோலைக் கேட்டார். முடிச்சை விட்டுவிட்டு, கழுத்தோரமாகக் கம்பளியை வெட்டி எடுத்தார்.

எட்டு மணிக்குச் சேற்றில் நடந்தே டாக்டர் வந்து சேர்ந்தார். நாக்கைப் பார்த்தார். தோலைக் கிள்ளிப் பார்த்தார். கட்டைவிரல்களின் நாடாவைப் பார்த்தார். அதன்கீழ் தோல் உரிந்து காய்ந்திருந்தது.

"சார், இது செத்தவங்களுக்குக் கட்டறது. எப்ப கட்டினீங்க?"

நான் செம்பை எடுத்து ஓரமாக வைத்தேன்.

"இப்பத்தான் டாக்டர்" என்றார் அண்ணி. "உசிரு போனதும் தம்பிதான் கட்டினாரு. அவர் எல்லாத்தையும் முறையாச் செய்வாரு."

டாக்டர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நேரம்?" என்று கேட்டார்.

"ஆறரை" என்றார் அண்ணி. "அசுவினி."

கார்த்திகை 26, செவ்வாய்க்கிழமை (டிசம்பர் 11)

நேற்றோடு காரியங்கள் முடிந்தன. இன்று காலை குமரகுரு அண்ணியை ஓசூருக்கு அழைத்துச் சென்றான். புறப்படுமுன் என் இரு கைகளையும் பற்றிக்கொண்டான். "அந்த மழையில தனி ஆளா அஞ்சு நாள் அப்பாவப் பாத்துக்கிட்டீங்க. நான் சொன்ன சொல்லு சொன்னதுதான் சித்தப்பா. உங்க காலம்வரைக்கும் வீடு உங்களோடது."

அவன் வண்டியில் பைகளை வைக்கப் போனபோது, அண்ணி மடித்த துணியொன்றை என்னிடம் தந்தார். துவைத்து உலர்த்திய மப்ளர். நடுவே முடிச்சு அப்படியே இருந்தது.

"வெட்டிட்டேனே தவிர அவிழ்க்கல. உங்க முடிச்சு. நீங்களே வச்சுக்கோங்க."

வாங்கிக்கொண்டேன்.

"வியாழக்கிழம கேட்டது நகம் தம்பி. வெள்ளிக்கிழம கேட்டது மோதிரம். அதுக்கப்புறம் தரைல மறுபடியும் நகம். முப்பத்தெட்டு வருசம் அவர் பக்கத்துலேயும் பத்து வருசம் அவருக்குக் கீழயும் படுத்தவளுக்கு அது தெரியாதா?" வாசலைப் பார்த்தார். "தெரிஞ்சும், ஏறாதேன்னதும் நின்னுட்டேன் பாருங்க. பாதிப்படில. அதுக்குத்தான் அன்னிக்கு டாக்டர்கிட்ட வாயத் திறந்தேன். உங்களுக்காக இல்ல."

தையல்நாயகியும் கணக்குத் தீர்த்துக்கொண்டு போய்விட்டாள்.

கார்த்திகை 27, புதன்கிழமை (டிசம்பர் 12)

பிழைதிருத்தம்.

இக்குறிப்பேட்டில் கார்த்திகை 6 முதல் 9 முடிய, 'அண்ணன் உயிருடன் இருக்கிறார்' என்று நான் எழுதிய வரிகள் எல்லாம், எழுதியபோது நான் நம்பாதபோதிலும், மெய்யே. அவற்றில் திருத்தம் தேவையில்லை. பால் பற்றி எழுதிய வரிகள் மட்டும் பொய். அவற்றை நீக்கிப் படிக்கவும்.

இனி இதை யாருக்கும் காட்டப்போவதில்லை. எனினும் பிழை பிழையே.

காலையில் முடிச்சை அவிழ்க்க முயன்றேன். ஊசியால் நெம்பியும் பயனில்லை. நான் அன்று கட்டியபோது அது எலுமிச்சை அளவு இருந்தது. இப்போது சுண்டைக்காய் அளவே இருக்கிறது. இழுக்க இழுக்க இறுகும் வகை. எத்தனை முறை இழுபட்டது என்பதை எனக்குச் சொல்ல வேறு சான்று வேண்டியதில்லை.

அசுவினியில் நேர்ந்த மரணத்துக்கு அடைப்பு இல்லை. எனினும் மாடியறையை நானே பூட்டிவிட்டேன். மாலையில் அதன் வாசலில் விளக்கும் ஒரு செம்புத் தண்ணீரும் வைக்கலாமென்று நினைத்திருந்தேன்.

இப்போது பகல் பன்னிரண்டு. வெயில் அடிக்கிறது, காற்று இல்லை. சன்னல் கொக்கியைக் கழற்றி என் மேசைமீது, மோதிரத்தின் அருகில் வைத்திருக்கிறேன்.

மேலே ஒருமுறை கேட்டது.

மாலைவரை காத்திருக்க வேண்டியதில்லை. செம்பை எடுத்துக்கொண்டு போகிறேன்.